ஒரே இதழ், வேறு வேறு விலை: பழைய காமிக்ஸும் அதன் பூர்வீகமும்

பழைய காமிக்ஸ் வாங்குபவர்களிடம் ஒரு விதி உண்டு. இதழில் யாராவது பேனாவாலோ பென்சிலாலோ எழுதியிருந்தால் விலை இறங்கும். கிழிசல், மடிப்பு, துருவேறிய பின், டேப் ஒட்டிய தடம் என்று நீளும் குறைகளின் பட்டியலில் கிறுக்கலுக்கும் இடம் உண்டு. ஆனால் 2022 மார்ச் மாதம் நியூயார்க்கின் காமிக்கனெக்ட் நிறுவனம் விற்ற ‘மார்வெல் காமிக்ஸ்’ முதல் இதழில் கையால் எழுதிய குறிப்புகள் நிறையவே இருந்தன. அது 24 லட்சம் டாலருக்குப் போனது. அவ்வளவு விலைக்குப் போனதில் அந்தக் குறிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த இதழ் 1939-ல் வந்தது. அதன் கதைகளையும் படங்களையும் பதிப்பாளருக்குத் தயாரித்துக் கொடுத்தது ஃபன்னீஸ் இன்க். என்ற ஸ்டுடியோ. அதை நடத்தியவர் லாயிட் ஜாக்கெட். எந்த ஓவியருக்கு எவ்வளவு, எந்தக் கதைக்கு எவ்வளவு என்று அவருடைய அலுவலகம் கணக்கு எழுதி வைத்தது இந்தப் பிரதியில்தான். அட்டைப்படம் வரைந்த ஃபிராங்க் ஆர். பாலுக்கு 25 டாலர் கொடுத்த கணக்குகூட அதில் இருக்கிறது. இன்று உலகம் முழுக்க அறிந்த ஒரு நிறுவனத்தின் முதல் காமிக்ஸுக்கு உழைத்தவர்கள் வாங்கிய கூலியின் மூல ஆவணம் அது. சேகரிப்பாளர்கள் அதை ‘பே காப்பி’ என்கிறார்கள்.

இதே இதழின் வேறொரு பிரதி 2019 நவம்பரில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 12.6 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. பத்துக்கு அதன் தரமதிப்பு 9.4. எழுத்து நிறைந்த பே காப்பியின் மதிப்போ 9.2. தரத்தில் ஒரு படி குறைந்தது ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை பெற்றிருக்கிறது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் சந்தையே வெகுவாக ஏறியது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் முழுவதையும் கையெழுத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது. ஆனால் அந்த எழுத்தைக் குறையாக நினைத்திருந்தால் வாங்கியவர்கள் இப்படிப் போட்டி போட்டிருக்க மாட்டார்கள்.

12.6 லட்சத்துக்குப் போன பிரதிக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் தபால்காரர் ஒருவர் எந்தப் பத்திரிகை, எந்தக் காமிக்ஸ் புதிதாகத் தொடங்கினாலும் முதல் இதழை வாங்கி வைக்கும் வழக்கம் உடையவர். கடையில் அவர் வாங்கிய பிரதிதான் அது. எண்பது ஆண்டு கழித்தும் அதை முதலில் வாங்கியவர் யார் என்று சொல்ல முடிகிறது. பழைய காமிக்ஸில் இப்படிச் சொல்ல முடிகிற பிரதிகள் மிகச் சில.

ஏன் அவ்வளவு சில? சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938 ஜூன் மாதத் தேதியிட்டு வந்தது. விலை 10 சென்ட். சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சானதாகக் கணக்கு. இன்று இருப்பதாக அறியப்படுபவை நூறு அளவில்தான். பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பழைய காகிதம் திரட்டும் இயக்கங்களுக்குப் பெற்றோர் கட்டுக்கட்டாகத் தூக்கிக் கொடுத்தார்கள். 1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் பல ஊர்களில் காமிக்ஸைக் குவித்து எரித்தார்கள்.

தப்பியவற்றுக்குக் காகிதமே எதிரி. அன்றைய காமிக்ஸ் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானது. அதில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். தாளின் அமிலம் நார்களை உள்ளிருந்தே அரிக்கும். கடைசியில் விரல் பட்டால் ஓரம் உதிரும். வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். அதனால் ஓர் இதழ் எண்பது ஆண்டு எங்கே, எப்படிக் கிடந்தது என்ற கேள்விக்கு உணர்ச்சியைத் தாண்டிய ஒரு பொருள் இருக்கிறது. அதன் விடை தாளிலேயே பதிந்திருக்கும். காமிக்ஸின் பூர்வீகத்துக்குச் சந்தை பணம் கொடுக்கிறது என்றால், முதலில் இந்த விடைக்குத்தான் கொடுக்கிறது.

இதை உலகத்துக்குக் காட்டியது கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் ஒரு வீடு. எட்கர் சர்ச் என்பவர் விளம்பர ஓவியர். தொலைபேசி நிறுவனத்தின் மஞ்சள் பக்கங்களுக்கு விளம்பரப் படம் வரைந்தவர். தன் வேலைக்கு மாதிரி பார்க்க அவர் பத்திரிகைகளையும் காமிக்ஸையும் பல்லாண்டு வாங்கிச் சேர்த்தார். 1977-ல் குடும்பத்தினர் வீட்டைக் காலி செய்தபோது, பழைய காமிக்ஸ் வியாபாரியான இளைஞர் சக் ரோசான்ஸ்கியைக் கூப்பிட்டார்கள். உள்ளே 18,000-க்கும் மேற்பட்ட காமிக்ஸ் அடுக்கடுக்காகக் கிடந்தன. பெரும்பாலானவை அன்று கடையிலிருந்து வந்ததைப் போல இருந்தன.

காரணத்தை விளக்குவது கடினமில்லை. டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்றில் ஈரம் குறைவு. இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இறுகக் கிடந்ததால் பக்கங்களுக்குள் காற்று புகவில்லை. இருட்டில் இருந்ததால் வெளிச்சமும் படவில்லை. சேர்த்தவர் வளர்ந்த மனிதர். பிள்ளைகள் கையில் போய் வந்த இதழ்கள் அல்ல அவை. அட்டையின் மினுமினுப்பும் வண்ணமும் பக்கங்களின் வெண்மையும் குலையாமல் இருந்தன. ரோசான்ஸ்கி அவற்றைச் சந்தை விலைக் கையேட்டில் இருந்த தொகையைவிடக் கூட்டி விற்றபோது மற்ற வியாபாரிகள் சண்டைக்கு வந்தார்கள். ஒரே இதழ், ஒரே தரம். இதற்கு மட்டும் ஏன் கூடுதல் என்பது அவர்கள் கேள்வி. வாங்கியவர்கள் அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. ‘மைல் ஹை’ என்று பெயர் பெற்ற அந்தச் சேகரிப்பின் பிரதிகளுக்கு இன்றும், அதே தரமுள்ள வேறு பிரதியைவிட, பல மடங்கு வரை கூடுதலாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஒருவரே கடையில் புதிதாக வாங்கி, பெரிய எண்ணிக்கையில், நல்ல நிலையில் கட்டிக்காத்த சேகரிப்புக்கு ‘பெடிக்ரி’ என்று பெயர். 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் காமிக்ஸுக்குப் பத்து வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிடுகிறது. பெடிக்ரியின் பெயரையும் அந்த உறையின் லேபிளிலேயே அச்சிடுகிறது. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்பதைப் போன்றது இது. இடையில் எத்தனை பேர் கை மாறினாலும் முதல் உரிமையாளர் யார் என்பது தொலைவதில்லை.

முதல் உரிமையாளர் தெரிவதில் இன்னொரு பயனும் உண்டு. எழுபது, எண்பதுகளில் பழைய காமிக்ஸின் உதிர்ந்த ஓரத்தை ஒட்டவைப்பதும், வெளிறிய அட்டைக்கு வண்ணம் தீட்டுவதும், முனைகளை வெட்டிச் சீராக்குவதும் மதிப்பைக் கூட்டும் வேலைகள் என்று கருதப்பட்டன. இன்று அப்படிச் செய்த இதழுக்கு சி.ஜி.சி. ஊதா நிற லேபிள் கொடுக்கிறது. விலை பாதிக்கும் கீழே விழுவது சாதாரணம். வீட்டிலிருந்து நேரே ஏலத்துக்கு வரும் சேகரிப்பில் இந்தக் கைவேலை நடக்க வாய்ப்பே இருந்திருக்காது. வாங்குபவருக்கு அந்த நிம்மதி பெரிது.

அட்டையில் எழுதிய பெயர் மதிப்பைக் கூட்டிய இன்னொரு சேகரிப்பும் இருக்கிறது. நெப்ராஸ்காவின் வௌசா என்ற சிற்றூரில் லார்சன் என்ற பையனுக்காகக் கடைக்காரர்கள் காமிக்ஸை எடுத்து வைப்பார்கள். வேறு யாருக்கும் விற்றுவிடாமல் இருக்க அட்டையில் அவன் பெயரை எழுதிவிடுவார்கள். இன்று லார்சன் சேகரிப்பின் பிரதியை அடையாளம் காட்டுவது அந்தப் பெயர்தான். அது இருப்பதையே விரும்பி வாங்குகிறார்கள். மைல் ஹை இதழ்களின் அட்டையில் உள்ள பென்சில் குறிகளும் அப்படித்தான். லேபிள் போடும் முறை வருவதற்கு முன்பே விற்றுப் பிரிந்துபோன பல இதழ்களை நிபுணர்கள் அந்தக் குறிகளை வைத்து மீண்டும் அடையாளம் கண்டார்கள்.

சில சேகரிப்புகளில் பின்கதை தாளின் நிலையை விளக்குவதோடு நிற்பதில்லை. 2021-ல் ஹெரிட்டேஜ் விற்கத் தொடங்கிய சுமார் 5,000 காமிக்ஸ் அமெரிக்கச் சகோதரர்கள் இருவருடையவை. ஒருவர் கொரியப் போருக்குப் புறப்படும்போது, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவற்றைப் பார்த்துக்கொள் என்று மற்றவரிடம் கேட்டுக்கொண்டார். போனவர் திரும்பவில்லை. இருந்தவர் அரை நூற்றாண்டுக்கு மேல் அவற்றைக் காத்தார். ‘பிராமிஸ் சேகரிப்பு’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். இதைக் கேட்ட பிறகு அந்த இதழை வெறும் தாளாகப் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தச் சேகரிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோனதில் அன்பின் பங்குக்குச் சமமாக அதன் விளைவுக்கும் பங்கு உண்டு: கையாளப்படாத தாள், கெடாத வண்ணம். கொடுத்த வாக்கு தாளின் வெண்மையில் தெரிந்தது. அது தெரியாமல் கதை மட்டும் வந்திருந்தால் ஏலம் இத்தனை ஏறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இதற்குச் சான்று 2013-ல் கிடைத்தது. மினசோட்டாவில் எல்போ லேக் என்ற ஊரில் 10,100 டாலருக்குப் பழைய வீடு வாங்கி இடித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தவருக்குச் சுவருக்குள் அடைத்திருந்த பழைய செய்தித்தாள்களின் நடுவே ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் அகப்பட்டது. கிடைத்த பரபரப்பில் உறவினர் ஒருவர் பிடுங்க, பின்னட்டை கிழிந்தது. மதிப்பெண் 1.5-க்கு இறங்கியது. உலகமெங்கும் செய்தியான இந்தக் கதையோடுதான் இதழ் ஏலத்துக்கு வந்தது. விலை 1,75,000 டாலர். வீட்டின் விலையைப் போலப் பதினேழு மடங்கு என்றாலும், நல்ல நிலையில் இருந்த பிரதிகள் அதற்கு முன்பே பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தன. கிழிந்த பின்னட்டையை எந்தக் கதையாலும் ஒட்டவைக்க முடியவில்லை.

அப்படியானால் நடிகர் நிக்கோலஸ் கேஜின் பிரதியை எப்படிப் புரிந்துகொள்வது? 1990-களின் பிற்பகுதியில் 1,50,000 டாலருக்கு அவர் வாங்கிய ‘ஆக்‌ஷன்’ முதல் இதழ் 2000-ல் அவர் வீட்டிலிருந்து திருடுபோனது. 2011 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு சேமிப்பு அறையில் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே 21.6 லட்சம் டாலருக்கு விற்றது. 2026 ஜனவரியில் அதே பிரதி 1.5 கோடி டாலருக்குக் கைமாறியதாக அறிவிப்பு வந்தது. எந்தக் காமிக்ஸுக்கும் அதுவரை இல்லாத விலை.

திருட்டு அந்தத் தாளை ஒரு துளியும் மேம்படுத்தவில்லை. நடிகர் பெயரும் அப்படித்தான். அதன் மதிப்பெண் 9.0. அதே மதிப்பெண் பெற்ற வேறொரு பிரதி, மேற்கு வர்ஜீனியாவில் ஒருவர் செடார் மரப்பெட்டியில் நாற்பது ஆண்டு வைத்திருந்தது, 2014-ல் 32 லட்சம் டாலருக்கு விற்றது. கால இடைவெளி இருப்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் 9.0 பிரதி எப்போது வந்தாலும் உச்ச விலை போகும் என்பது தெரிகிறது. திருட்டுக்கதை செய்தது வேறு வேலை. காமிக்ஸ் படிக்காதவர்களுக்கும் அந்த ஒரு பிரதியைத் தெரியவைத்தது. பெரும்பணக்காரர் ஒருவர் வாங்கும்போது, வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைப் பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. இருந்தாலும் என் கணக்கில் அது தரத்தின் மேல் ஏறி உட்காரும் விலைதானே தவிர, தரத்துக்கு மாற்று அல்ல.

பூர்வீகம் பணமாகும் இடத்தில் பொய்யும் நுழையும். ‘தாத்தா வாங்கியது’ என்று சொல்வதற்குச் செலவில்லை. அதனால் வாங்குபவர்கள் வாய்வார்த்தையை விட்டுவிட்டுத் தடயங்களைப் பார்க்கிறார்கள்: இதழ் எண்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா, கடையின் தேதி முத்திரை எல்லாவற்றிலும் ஒரே விதமாக இருக்கிறதா, பக்கங்களின் நிறம் சேகரிப்பு முழுவதும் ஒத்துப்போகிறதா என்று. முத்திரையிட்ட உறையே முடிந்த முடிவல்ல என்பதையும் 2023 இறுதியில் பார்த்தோம். உறையைத் திறந்து, உள்ளிருந்த உயர்தரப் பிரதியை எடுத்துவிட்டு, தரம் குறைந்ததை வைத்து, மீண்டும் புது உறை போடவைத்த மோசடி வெளியானது. சந்தேகத்துக்குரிய எண்களின் பட்டியலை சி.ஜி.சி.யே வெளியிட வேண்டியதாயிற்று. அப்போது கைகொடுத்தவை பழைய ஏலங்களின் புகைப்படங்கள். பின் அடித்த இடம், அட்டை வெட்டிய கோணம், அச்சு விலகிய அளவு என்று ஒவ்வொரு பிரதிக்கும் தனி ரேகை உண்டு. முன்னர் எங்கே விற்றது என்ற பதிவு இருந்ததால்தான் ஏமாற்றைக் கண்டுபிடிக்க முடிந்தது.

வீட்டில் பழைய காமிக்ஸ் கிடைத்தவர்கள் செய்யும் பெரிய தவறு, நல்லதைப் பொறுக்கித் தனித்தனியாக விற்பது. அதில் பூர்வீகம் தொலைந்துவிடும். அது தொலையாமல் வந்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. 2025 நவம்பரில் 91.2 லட்சம் டாலருக்குப் போன ‘சூப்பர்மேன்’ முதல் இதழை வடக்குக் கலிஃபோர்னியாவில் மறைந்த தாயின் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில், மகன்கள் கண்டெடுத்தார்கள். தாயும் அவருடைய சகோதரரும் சிறு வயதில் வாங்கியது என்ற விவரமும், அப்பகுதியின் குளிர்ந்த தட்பவெப்பம் தாளைக் காத்தது என்ற விளக்கமும் இதழோடு சேர்ந்தே ஏலத்துக்கு வந்தன. எடுத்த இடத்தைப் படம் பிடிப்பது, பெட்டியையும் ரசீதையும் கடிதத்தையும் எறியாமல் வைப்பது, முதலில் வாங்கியவரைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது எல்லாம் விற்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள். சேகரிப்பு பிரிந்துபோன பிறகு பூர்வீகத்தை நிரூபிப்பது பெரும்பாடு.

எட்கர் சர்ச்சின் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ்தான் இருப்பவற்றிலேயே சிறந்தது என்று நேரில் பார்த்தவர்கள் நீண்ட நாளாகச் சொல்கிறார்கள். ஒரு தனியார் சேகரிப்பில் இருக்கும் அந்தப் பிரதி இதுவரை சி.ஜி.சி.யின் மதிப்பெண்ணுக்குப் போகவில்லை, பொது ஏலத்துக்கும் வரவில்லை. டென்வர் வீட்டிலிருந்து அது வந்த வழி தெரிந்திருப்பதால், லேபிள் இல்லாமலேயே அதை முதலிடத்தில் வைத்துத்தான் 1.5 கோடி டாலர் பிரதியைக்கூட வியாபாரிகள் பேசுகிறார்கள்.