பையில் கிடக்கும் டியூப்புக்கும் வயதாகும்

ஞாயிற்றுக்கிழமை காலை. பாயான் லெப்பாஸ் கடலோரச் சைக்கிள் பாதையில் நண்பர்களோடு பத்து மாவுங் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இடப்பக்கம் கடல், அதற்கு அப்பால் ஜெரஜாக் தீவு. திடீரென்று பின்சக்கரம் தடதடக்கிறது. இறங்கிப் பார்த்தால் பஞ்சர்.

நீங்கள் பயப்படவில்லை. சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பையில் ஸ்பேர் டியூப் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியது. அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பழைய டியூப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டிப் பம்ப் அடிக்கிறீர்கள். காற்று நிற்கவில்லை. காதருகே வைத்தால் 'உஸ்ஸ்' என்ற சத்தம். ஒரு நாள்கூடச் சாலையைப் பார்க்காத புது டியூப்பில் ஓட்டை!

கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? பெரும்பாலும் இல்லை. டியூப் நல்லதாகத்தான் வந்திருக்கும். அது பையில் இருந்த இரண்டு வருடத்தில்தான் கெட்டுப்போயிருக்கிறது. பயன்படுத்தாத பொருள் தேயாது என்று நாம் நினைக்கிறோம். ரப்பர் விஷயத்தில் அது தவறு. ஏன் என்று பார்ப்போமா?

இரண்டு வகை டியூப்

ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பாலிமர். பால்மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பரை அப்படியே வைத்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகவும் இழுவைத்தன்மையோடும் இருப்பதைக் கண்டறிந்தார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டுவிடுகின்றன. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தபோது, அவருக்குக் கைகொடுத்தது இந்த ரப்பர்தான். அடுத்த சில பத்தாண்டுகளில் உலகத்தின் டயர்களுக்கும் டியூப்களுக்கும் வேண்டிய ரப்பரை மலாயா அள்ளிக் கொடுத்தது. செபராங் பிறை தோட்டங்கள் முதல் ஜொகூர் வரை, விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் ஏராளம்.

ஆனால் இயற்கை ரப்பர் டியூப்புக்கு ஒரு குறை: அதன் சுவர் வழியாகக் காற்று மெல்ல மெல்லக் கசிந்துவிடும். 1937இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் 'பியூட்டைல்' என்ற செயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காற்றுதான் இதன் வழியே கசியும். இன்று கடையில் நாம் வாங்கும் கறுப்பு டியூப் பெரும்பாலும் பியூட்டைல்தான். பந்தயச் சைக்கிள்களுக்காக மெல்லிய இயற்கை ரப்பர் டியூப்களும் விற்கிறார்கள்.

இரண்டு வகைக்கும் எதிரிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் எதிரி: உராய்வு

சாதாரண சைக்கிள் டியூப்பின் சுவர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அதை மடித்து, ஸ்பேனர், டயர் நெம்பும் கட்டை, வீட்டுச் சாவி ஆகியவற்றோடு ஒரே பையில் திணிக்கிறோம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடம் 5 கிலோமீட்டர் தூரம் என்றால் போய்வர 10 கிலோமீட்டர். 200 நாளில் 2,000 கிலோமீட்டர். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். எனவே ஒரு வருடத்தில் சக்கரம் ஏறத்தாழ 9,50,000 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு சிறு அதிர்வு என்று வைத்துக்கொண்டாலும், பைக்குள் இருக்கும் ஸ்பேனர் டியூப்பை ஏறத்தாழ பத்து லட்சம் முறை உரசுகிறது!

எங்கே முதலில் ஓட்டை விழும்? மடிப்பின் மூலையில். மடித்த இடத்தில் ரப்பரின் வெளிப்பக்கம் இழுபட்டு நிற்கிறது; வெளியே துருத்திக்கொண்டும் இருக்கிறது. எனவே உரசலும் அழுத்தமும் அந்த ஒரே புள்ளியில் குவிகின்றன. இன்னொரு குற்றவாளி டியூப்பின் சொந்த வால்வு. மூடி போடாத உலோக வால்வு, பக்கத்து மடிப்பை நாள் முழுவதும் குத்திக்கொண்டே இருக்கும்.

'அதான் அட்டைப் பெட்டி இருக்கிறதே' என்பீர்கள். அட்டைப் பெட்டி கடை அலமாரிக்குத்தான் ஏற்றது. நம் ஊர் மழையில் அது நனையும், நைந்துபோகும். கிழிந்த அட்டையின் ஓரமே டியூப்பைத் தேய்க்கும். தாளில் கை வெட்டுப்பட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்குமே!

இரண்டாவது எதிரி: ஓசோன்

வானத்தின் உயரத்தில் புறஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோன், தரைமட்டத்தில் ரப்பருக்கு எமன். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. ஓசோன் அந்த இடங்களைத் தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடுகிறது.

ரப்பர் தளர்வாக இருந்தால் இந்தச் சேதம் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆனால் இழுபட்டு இருந்தால், அறுந்த இடம் வாய் திறக்கிறது. உள்ளே புது ரப்பர் வெளிப்படுகிறது. அதையும் ஓசோன் தாக்குகிறது. இப்படியே விரிசல் ஆழமாகிறது. இந்த விரிசல்கள் இழுக்கும் திசைக்குக் குறுக்காகவே தோன்றும். பழைய ரப்பர் வளையத்தை இழுத்துப் பாருங்கள், குறுக்குக் கோடுகள் தெரியும்.

இந்தக் குறையையே ஒருவர் கருவியாக்கிக்கொண்டார். 1950களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் புகைமூட்டம் வாட்டியது. அதை ஆராய்ந்த வேதியியலாளர் அரி ஹாகன்-ஸ்மித்தும் அவருடைய குழுவினரும், இழுவிசையில் வைத்த ரப்பர்த் துண்டுகளில் எவ்வளவு விரைவாக விரிசல் விழுகிறது என்று பார்த்துக் காற்றிலுள்ள ஓசோனை அளந்தார்கள். நகரக் காற்றில் ரப்பர் பொருள்கள் சீக்கிரம் வெடித்துப்போகும் மர்மமும் விளங்கியது.

பியூட்டைல் ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. எனவே கறுப்பு டியூப் ஓசோனை நன்றாகவே தாங்கும். இயற்கை ரப்பர் டியூப் தாங்காது. எந்த வகையானாலும் டியூப்பை ஆணியில் தொங்கவிடாதீர்கள். அதன் எடை முழுவதும் ஆணி படும் ஒரே இடத்தை இழுக்கும். ரப்பர் வளையம் போட்டு இறுகக் கட்டுவதும் அப்படித்தான். மின்பொறிகளும் வெல்டிங் வேலையும் ஓசோனை உண்டாக்கும். எனவே அவற்றின் அருகிலும் வைக்க வேண்டாம்.

மூன்றாவது எதிரி: வெப்பமும் வெளிச்சமும்

ரப்பர் பொருள்களைச் சேமித்து வைப்பதற்கு ஐஎஸ்ஓ 2230 என்ற அனைத்துலகத் தரநிலை உண்டு. 25 பாகை செல்சியசுக்குக் குறைவான, இருண்ட, ஈரமில்லாத இடம் வேண்டும் என்கிறது அது. அப்படி முறையாகப் பாதுகாத்தால், இயற்கை ரப்பர் பொருள்களுக்கு 5 ஆண்டும் பியூட்டைலுக்கு 7 ஆண்டும் தொடக்கச் சேமிப்புக் காலமாக வகுத்திருக்கிறது. ஆனால் பாயான் லெப்பாசில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 27, 28 பாகை! எனவே நாம் செய்யக்கூடியது வீட்டிலேயே குளுமையான, இருட்டான இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

வெப்பம் ஏன் கெடுக்கிறது? ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் மெதுவாக வினைபுரிகிறது. படிவம் 4 வேதியியலில் வினை வேகம் பற்றிப் படிப்பீர்கள். வெப்பநிலை 10 பாகை கூடினால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தோராயமான விதி. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அலமாரியில் 28, காரில் 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பாகை வேறுபாடு: 2 × 2 × 2 = 8. காருக்குள் ஒரு மணி நேரம், அலமாரியில் எட்டு மணி நேரத்துக்குச் சமம். அப்பாவின் கார் பூட்டிலோ மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலோ மாதக்கணக்கில் கிடக்கும் டியூப்புக்கு விரைவில் வயதாகிவிடும். நேரடி வெயிலில் உள்ள புறஊதாக் கதிரும் ரப்பரைக் கெடுக்கும்.

நம் நாட்டு வெப்பமும் டயரும் பற்றி வரலாற்றில் ஒரு காட்சி உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் சிங்கப்பூரை நோக்கி விரைந்தார்கள். கொதிக்கும் சாலையில் டயர்கள் அடிக்கடி பழுதாயின. பஞ்சர் ஒட்டுவதற்கென்றே ஆள்கள் படையோடு வந்தார்கள். ஒட்ட நேரமில்லாதபோது டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்ட எதிர்ப்படையினர் டாங்கிகள் வருவதாக எண்ணியதும் உண்டாம். உலகத்துக்கே ரப்பர் கொடுத்த மண்ணில் ரப்பர் இல்லாமல் ஓடிய சைக்கிள்கள்!

நான்காவது எதிரி: எண்ணெய்

சங்கிலிக்குப் போடும் எண்ணெய்ப் புட்டியையும் டியூப்பையும் ஒரே பையில் வைக்காதீர்கள். எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பர்ச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்துவிடும். ரப்பர் ஊதிப்போய் வலுவிழக்கும். பியூட்டைலும் இதற்கு விலக்கல்ல. பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எல்லாம் இதே வகைதான்.

சரி, எப்படிப் பாதுகாப்பது?

1. வாங்கியவுடன் பெட்டியைப் பிரித்து, டியூப் உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் லேசாகக் காற்றடித்து ஓர் இரவு வையுங்கள். காலையில் அப்படியே இருந்தால் நல்ல டியூப்.

2. வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வால்வை நோக்கிச் சுருட்டிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் பையில் இடத்தை அடைத்து, ரப்பரை விறைப்பாக்கி, உரசலைக் கூட்டும்.

3. வால்வுக்கு மூடி போடுங்கள். வால்வு டியூப்பின் மேல் அழுந்தாமல் வெளிப்பக்கம் இருக்கட்டும். அதைச் சிறு துணியால் சுற்றிவிடுங்கள்.

4. கொஞ்சம் டால்க் பவுடர் தூவுங்கள். கனிமங்களில் மிக மென்மையானது டால்க். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 1தான். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் உரசாமலும் வழுக்கிச் செல்ல அது உதவும். தூளை மூச்சில் இழுக்காமல் கவனமாகத் தூவுங்கள்.

5. கத்தி மடிப்பாக மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள். ஈரமும் ஓசோனும் அண்டாது.

6. அந்தப் பையை ஒரு பழைய காலுறைக்குள் நுழையுங்கள். இதைவிட மலிவான கவசம் கிடையாது! பஞ்சர் ஒட்டும்போது கை துடைக்கவும் அது உதவும். ஸ்பேனர்களை வேறொரு துணியில் தனியாகச் சுற்றிவிடுங்கள்.

7. பள்ளி விடுமுறைதோறும் ஒரு முறை வெளியே எடுத்து, லேசாகக் காற்றடித்துப் பார்த்து, மடிப்பு வேறிடத்தில் விழும்படி மீண்டும் சுருட்டுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று ரப்பர் வளையங்களை எடுங்கள். முதலாவதைப் பிளாஸ்டிக் பையில் மூடி அலமாரியில் வையுங்கள். இரண்டாவதை வாசலில், மழையும் நேரடி வெயிலும் படாத திறந்த இடத்தில் தளர்வாக வையுங்கள். மூன்றாவதை ஒரு மரக்கட்டையைச் சுற்றி, ஒன்றரை மடங்கு நீளம் வரும்படி இழுத்து மாட்டி, இரண்டாவதன் பக்கத்திலேயே வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக் குறிப்பெடுங்கள். ஒரு மாதம் பொறுமை வேண்டும்.

எதில் முதலில் விரிசல் வரும்? விரிசல் எந்தத் திசையில் ஓடும்? இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடும்போது வேறுபாடு ஒன்றே ஒன்று: இழுவிசை. ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்கும் அறிவியல் முறை இதுதான்.

கடைசியாக ஒன்று. ஸ்பேர் டியூப்பின் விலை சில ரிங்கிட்தான். ஆனால் அது தேவைப்படும் நேரத்தில் நீங்கள் வீட்டிலிருந்து வெகு தூரத்தில் இருப்பீர்கள். மழை வரலாம், இருட்டலாம், தம்பியோ தங்கையோ உடன் இருக்கலாம். இன்று மாலையே உங்கள் சைக்கிள் பையைத் திறந்து பாருங்கள். அங்கே டியூப் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். காற்றடித்து, அது நிற்கிறதா என்றும் பாருங்கள்.