பல்கலைக்கழகச் சபைகளும் ஆசிரியர் பங்கும்

பல்கலைக்கழகத்திற் கற்பிப்போர்க்கு வகுப்பு, ஆராய்ச்சி என்னும் இரண்டனோடு மூன்றாவதொரு கடமையும் உண்டு. சபைகளிலும் குழுக்களிலும் அமர்ந்து கருத்துரைத்தலே அது. நம் கல்லூரியின் பழைய மாணவருள் விரிவுரையாளராய் விளங்குவோர் விடுமுறையில் ஊர் வரும்போது இதுபற்றி வினவினால், “அது காலத்தைத் தின்னும் வேலை, ஐயா” என்றே பெரும்பாலும் விடை வருகின்றது. அன்னாரை நோக்கியே, தமிழாசிரியன் என்னும் உரிமையுடன் இதனை எழுதத் துணிந்தேன்.

1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுதே மூதவை என்னும் கல்விச் சபையும் அமைந்தது. பின்னர் 1966, 1972 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசின் பிடி இறுகிற்று. இன்று நடைமுறையிலுள்ளது 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டமாகும். அதன்படி ஆளும் அதிகாரம் பேரவைக்குரியது. அங்கே துணைவேந்தரும், பீடாதிபதிகளும், மூதவை தெரிந்தனுப்பும் இருவரும் இருப்பர். மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியாரின் தொகை இவர்களினும் ஒன்று கூடியதாகும். கற்பித்தல், ஆராய்ச்சி, பரீட்சை ஆகியவற்றை நெறிப்படுத்துவது மூதவை. பீடாதிபதிகளும் துறைத் தலைவரும் பேராசிரியரும் பதவி வழியாலேயே அதில் அமர்வர். ஏனைய ஆசிரியர்க்கோ பீடமொன்றுக்கு இரண்டு ஆசனங்களே உள; தம்முள் இருவரைத் தாமே தெரிதல் வேண்டும். இளம் விரிவுரையாளரின் குரல் மூதவையை எட்டும் வழி இவ்விரண்டு ஆசனங்களேயாம். “யாரேனும் போகட்டும்” என்று அவற்றைக் கைவிடுவது அறியாமையன்றி வேறென்ன?

1986 இல் பல்கலைக்கழக நிலை எய்திய வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும், 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டிலேயே உயர்வு பெற்ற ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இச்சட்டத்தின் கீழ் நடப்பனவே. நாவிதன்வெளிப் பிள்ளைகள் சென்று பயிலும் இடங்கள் இவை. தமிழ்மொழி மூலம் கற்ற மாணவன் ஆங்கில விரிவுரையில் எவ்வாறு காலூன்றுவான்? எப்பாடத்தை எம்மொழியிற் கற்பிப்பது? பரீட்சையை எவ்வாறு அமைப்பது? இவையெல்லாம் பீடச் சபையில் ஆராயப்பட்டு மூதவைக்குச் செல்லும் பொருள்கள். வயற்கரையிலிருந்து வந்த மாணவனின் இடர் அறிந்தவர் அங்கே வாய் திறவாவிடின் அவனுக்காகப் பேசுவார் யார்?

இம்முறை நமக்குப் புதிதன்று. இப்பகுதிக் கோயில்களில் குடிவழி வந்த வண்ணக்கரும், பள்ளிவாசல்களில் அவ்வாறே மரைக்காயரும் பொதுக் காரியம் பார்த்து வந்துள்ளனர். விதைப்புக்கு முன்னர்க் கூடும் ஆரம்பக் கூட்டத்தில், நீர் திறக்கும் நாள் முதலியன பற்றி விவசாயி எழுந்து பேசுகின்றான். பட்டம் பெற்றவர் மட்டும் ஏன் ஒதுங்குகின்றனரோ!

முதலாம் பராந்தக சோழனின் 919, 921 ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளும் ஈண்டு நினைக்கத்தக்கன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் தெரிந்தனர். பதவிக்காலம் 360 நாள். அண்மை மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவர்க்கும், கணக்குக் காட்டாதவர்க்கும் இடமில்லை. நிலமுடைய அந்தணர்க்கே உரியதாயிருந்தமையின் அம்முறையை அப்படியே போற்றுதற்கில்லை. ஆயினும் பொறுப்பு ஒருவர் தோளிலேயே தங்காது கைமாறிய ஒழுங்கு கருதத்தக்கது.

என் பிழையொன்றையும் கூறிவிடுகின்றேன். முன்னர் யான் கற்பித்த ஒரு பாடசாலையில் நேரசூசி வகுக்கும் குழுவிற் சேருமாறு அதிபர் கேட்டார். கட்டுரைக் கொப்பிகள் குவிந்து கிடக்கின்றன என்று நழுவினேன். அடுத்த தவணையில், நூலக வாசிப்புக்கென இருந்த பாடவேளை மறைந்துவிட்டது. குழுவிலிருந்தோரைக் குறைகூற இடமில்லை. அப்பாடவேளை எதற்கென்று அவர்க்கு எடுத்துச் சொல்ல அங்கே தமிழாசிரியன் இல்லை. மூன்று தவணை முயன்றே அதனை மீளப் பெற்றேன். கொப்பி திருத்த மிச்சம்பிடித்த நேரத்தினும் அம்முயற்சிக்குச் சென்ற நேரம் பன்மடங்கு.

குழுப்பணிக்கு ஆராய்ச்சிக் கட்டுரைக்குள்ள மதிப்பு இல்லையென்பர். அது மெய்யே. ஆதலின் இளையோர் எல்லாக் குழுவிலும் ஏறி அமர வேண்டுவதில்லை. நூலகமோ, பாடத்திட்டமோ, விடுதியோ, தமக்கு நன்கு தெரிந்த ஒன்றை முதலில் ஏற்கலாம். மூத்தோரும் ஒருமுறை இருந்தபின் ஆசனத்தை இளையவர்க்கு விட்டுக்கொடுக்கலாம். மூதவைத் தெரிவுக்கான அறிவித்தல் அடுத்த முறை வரும்போது, உடன் பணியாற்றும் ஒருவரிடம் முன்மொழியுமாறு கேட்டு, நம்மவர் தம் பெயரைக் கொடுப்பாராக.