விமானத்தில் போகும்போது செல்போனில் சார்ஜ் இருக்கட்டும்



நம்ம வேடந்தாங்கல் ஏரிக்கு வருகிற பறவைகளுக்கு டிக்கெட்டும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம். நமக்கு அப்படி இல்லையே! மகள் பிரசவத்துக்கு, பேரனைப் பார்க்க என்று நம் உறுப்பினர்கள் பலர் இப்போது சிங்கப்பூர், துபாய் போய் வருகிறார்கள்.

அப்படிப் போய் வந்த ஒருவர் குழுக் கூட்டத்தில் சொன்னது இது. மீனம்பாக்கத்தில் பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "என்ன தப்பு பண்ணேனோன்னு கை காலெல்லாம் நடுங்கிப் போச்சு" என்றார். பெட்டிக்குள் பவர் பேங்க் இருந்ததுதான் காரணம். அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் இறங்கும்போது போன் அணைந்துவிட்டது. மருமகன் நம்பர் மனப்பாடம் கிடையாது. வெளியே தேடித் தவித்து அழுதிருக்கிறார்.

பெட்டியில் ஏன் வைக்கக் கூடாது? பவர் பேங்கில் இருப்பது லித்தியம் பேட்டரி. அடிபட்டாலோ, உள்ளே ஷார்ட் ஆனாலோ சூடேறித் தீப்பிடிக்கும். ஆட்கள் இருக்கும் இடத்தில் என்றால் உடனே பார்த்து அணைக்கலாம். அடியில் சாமான் அறையில் பிடித்தால் யார் பார்ப்பது? அதனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், புறப்பட நின்ற விமானம் ஒன்று தீப்பிடித்தது. தலைக்கு மேல் சாமான் வைக்கும் இடத்திலிருந்த பவர் பேங்க் மேல்தான் சந்தேகம் விழுந்தது. நல்ல வேளை, 176 பேரும் தப்பினார்கள். அதன் பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும், அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸிலும் பவர் பேங்கால் போனுக்குச் சார்ஜ் போடக் கூடாது. எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான். மற்ற விமானங்களில் என்ன விதி என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கோங்க.

அளவும் பார்க்கணும். 100 வாட் அவர் வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டு போகலாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடவே கூடாது. பவர் பேங்கின் மேல் எம்.ஏ.எச். என்று ஒரு எண் இருக்கும். அதை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் கணக்கு வந்துவிடும். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. இரண்டும் சரி. 30,000 என்றால் 111, அனுமதி கேட்கணும். (வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இதெல்லாம் ஒரு கணக்கா!) எழுத்து அழிந்துபோனதையும், உப்பிப் போனதையும் கொண்டு போகாதீங்க.

அப்போ போனை எப்படிக் காப்பாத்துறது? முதல் நாள் ராத்திரியே முழுசா சார்ஜ் போடுங்க. மதுராந்தகம், செங்கல்பட்டு வழியாகப் போகும்போது வீடியோ பார்த்துத் தீர்த்துவிட வேண்டாம். உள்ளே ஏறியதும் ஃப்ளைட் மோடில் போடுங்க. டவரைத் தேடித் தேடித்தான் சார்ஜ் இறங்கும். பல பெரிய விமானங்களில் சீட்டிலேயே யூ.எஸ்.பி. துளை இருக்கும், ஒயரை மட்டும் கையில் வைத்துக்கோங்க. போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை அசைக்காமல் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்க, நசுங்கினால் அதுவும் தீப்பிடிக்கும்.

சிங்கப்பூர், மலேசியா, துபாயில் பிளக் துளை செவ்வகமாக மூன்று இருக்கும். நம்ம உருண்டை முள் அதில் சேராது. எலக்ட்ரிக்கல் கடையில் அடாப்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கோங்க. நம்பர்களைச் சின்னக் காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்க. நம்ம உறுப்பினர் அடுத்த முறை மூன்று காகிதம் எழுதி, ஒன்றை இடுப்புச் சுருக்குப் பையிலும் வைத்துக்கொண்டு போனாராம்.