தர்மச் சொத்து – 7: மட்டாஞ்சேரியில் பத்திரம் யார் பெயரில்?

சென்ற வாரம் புதுச்சேரியின் வைசியாள் வீதியைப் பார்த்தோம். அங்கே மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வீட்டுக்காரர்களோடு செலவைப் பங்கிட்டுக்கொண்டு முகப்புகளைச் சீர்செய்து கொடுத்தது. வீடு அவரவர் பெயரிலேயே இருந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு அந்த வழி மட்டும் போதாது. இங்கே எது நிற்கிறது, எது விழுகிறது என்று பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். சேர்லாயில் கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம், 1904-இல் எழுந்த தர்மநாதர் சமணக் கோயில், 1568-இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைப் பள்ளி, பழைய பள்ளிவாசல்கள் எல்லாம் நிற்கின்றன. சுற்றியுள்ள வீடுகளும் பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளும்தான் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. மழையும் உப்புக்காற்றும் இரண்டுக்கும் பொதுவே. வேறுபடுவது உரிமை. கோயில் சொத்தையும் வக்ஃப் சொத்தையும் நினைத்த நேரத்தில் விற்க முடியாது. வீட்டை விற்க வாரிசுகளின் கையெழுத்துப் போதும். தேவஸ்வ நிலங்களும் பறிபோனதில்லையா என்று கேட்கலாம். பறிபோயிருக்கின்றன. ஆனால் அது வழக்காகிறது, கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. வீடு விற்பனையை யாரும் கேட்க முடியாது.

ஒரே சமூகத்தின் இரண்டு கட்டடங்களை எடுத்துக்கொள்வோம். யூதர்கள் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனபின், 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடவும்பாகம் பள்ளி கைவிடப்பட்டுக் கிட்டங்கியானது. செதுக்கு வேலைப்பாடுள்ள அதன் மரக்கூரை 1991-இல் விலைக்குப் போய், இன்று ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஞ்சிய வெறும் கூட்டின் முன்சுவர் 2019 மழையில் இடிந்து விழுந்தது. சிறிது தூரத்திலுள்ள பரதேசி பள்ளியிலும் தொழுகைக்கு வர ஆள் அருகிப்போனது. ஆனால் அதற்குப் பொறுப்பேற்க ஓர் அறக்கட்டளை இருந்தது. அதனால்தான் 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டைச் செப்பனிட நியூயார்க்கின் உலக நினைவுச் சின்ன நிதியம் 1990-களின் இறுதியில் உதவ முன்வந்தபோது, அந்த உதவியை வாங்கிச் செயல்படுத்த இங்கே ஒரு கை இருந்தது. கொடையாளி எங்கிருந்தும் வரலாம். வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளி உள்ளூரில் வேண்டும்.

இதெல்லாம் அரசின் வேலையல்லவா என்பது நியாயமான கேள்வி. மட்டாஞ்சேரி அரண்மனையை 1951 முதல் தொல்லியல் துறை காத்துவருகிறது. அதன் ராமாயணச் சுவரோவியங்கள் பிழைத்ததில் துறைக்குப் பங்குண்டு. ஆனால் சட்டம் காப்பது நினைவுச் சின்னத்தை. நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டாதே என்று அது தடுக்கும். அங்கே நிற்கும் பழைய வீட்டின் ஓட்டை மாற்றித் தராது. பண்டகசாலையோ ஓட்டில்தான் சாகிறது. ஓர் ஓடு நழுவினால் தண்ணீர் கைமரத்தின் நுனியில் இறங்கும். சுவர்மேல் படுத்திருக்கும் உத்தரம் உளுக்கும். பிறகு வெட்டுக்கல் கரையத் தொடங்கும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே நின்று கல்லை இன்னும் வேகமாகத் தின்னும். சுண்ணாம்புக் காரையும் ஆண்டுதோறும் இடவப்பாதி மழைக்கு முன் ஓடு மாற்றுவதும்தான் வைத்தியம். பெரிய செலவல்ல, ஆனால் ஓயாத செலவு. மிளகும் இஞ்சியும் நிறைந்திருந்த காலத்தில் வியாபாரமே அதைக் கொடுத்தது. இன்று யாரும் கொடுப்பதில்லை.

அந்தப் பொறுப்பை ஏற்கும் அறக்கட்டளைக்கு ஒரு முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் 1895-இல் தொடங்கியது. 1902-இல் மக்களிடம் பணம் திரட்டி டெர்வென்ட் ஏரிக்கரையில் பிராண்டில்ஹவ் காட்டை வாங்கியது. அதைவிடப் பெரிய சாதனை 1907-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்: டிரஸ்ட் தன் சொத்தை விற்கவொண்ணாதது என்று அறிவித்துவிட்டால், பின்னால் வரும் நிர்வாகிகளே நினைத்தாலும் விற்க முடியாது. தெய்வத்தின் பெயரில் நிலம் எழுதிவைத்த நமக்கு இது புதிதல்ல. வீட்டுக்கும் காட்டுக்கும் அதைச் செய்யவில்லை, அவ்வளவே. கொச்சி பினாலே ஃபவுண்டேஷனும் 2010-இல் உருவான அறக்கட்டளைதான். 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய முதல் கலைக் கண்காட்சியிலிருந்து பூட்டிக்கிடந்த கட்டடங்களைத் திறந்து, மட்டாஞ்சேரியின் ஆனந்த் பண்டகசாலை போன்ற இடங்களுக்கு உலகத்தை வரவழைத்தது. அந்த நன்றி எனக்கு நிறைய உண்டு. இருந்தும், பல இடங்களில் அது வாடகைதாரர்தான். கண்காட்சி முடிந்ததும் சாவி உரிமையாளரிடம் திரும்புகிறது.

நிலம் விற்கும் விலையில் எந்த அறக்கட்டளை வாங்கும் என்பார்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. நீண்ட காலக் குத்தகை போதும். அல்லது பழுதுபார்க்கும் பணத்தைக் கொடுத்து, இடிக்கமாட்டேன் என்ற நிபந்தனையைப் பதிவுப் பத்திரத்தில் ஏற்றலாம். அதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று: மரபு என்ற பெயரில் ஏழைகள் வெளியேற்றப்படுவார்கள் என்பது. யூதத் தெருவின் மசாலாக் கடைகள் பல பழம்பொருள் கடைகளாக மாறியதைப் பார்த்தவர்கள் இந்த அச்சத்தைப் புறக்கணிக்க முடியாது. எனவே அறக்கட்டளையின் சாசனத்திலேயே எழுதிவைக்க வேண்டும்: இப்போதைய வாடகைதாரர் தொடர்வார், கீழ்த்தளத்தில் சரக்கு வியாபாரம் நடக்க இடமிருக்கும், வரும் வருமானத்தில் முதல் செலவு கூரைக்கு, நிர்வாகக் குழுவில் கொடையாளிகளுக்குச் சமமாகத் தெருவாசிகளும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் உட்காருவார்கள்.