ஆகாஷ்: மேடையில் விலை, கையில் திரை

2011 அக்டோபர் 5, புது டெல்லி. அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல், ஏழு அங்குலத் திரை கொண்ட ஒரு டேப்லெட்டை அறிமுகப்படுத்தினார். எடை 350 கிராம். பெயர் ஆகாஷ். அரசு அதை வாங்கிய விலை ஏறத்தாழ 2,250 ரூபாய். உலகிலேயே மலிவான டேப்லெட் என்று செய்தி உலகெங்கும் ஓடியது. இந்திய நேரப்படி மறுநாள் விடியும்போது ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்த செய்தியும் வந்து சேர்ந்தது.

அந்த ஜாப்ஸ், இருபது மாதங்களுக்கு முன்பு, 2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஐபேடை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டியிருந்தார். அதன் ஆரம்ப விலை 499 டாலர். ஒரு ஐபேட் வாங்கும் காசில் பத்து ஆகாஷ் வாங்கலாம். இந்தக் கணக்கைக் கேட்ட யாருக்கும் மனம் துள்ளாமல் இருந்திருக்காது. எனக்கும் துள்ளியது. பாடப் புத்தகம் வாங்கவே கடன் கேட்கும் வீடுகளில் ஒரு கணினி நுழையப்போகிறது என்றால் சும்மாவா?

ஆனால் கருவி கைக்கு வந்ததும் பேச்சு மாறியது. அப்போது வெளிவந்த மதிப்பீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டவை மூன்று: திரை சொன்னபடி கேட்கவில்லை, எல்லாம் மெதுவாக நடக்கிறது, சார்ஜ் நிற்கவில்லை. இவற்றின் காரணங்களைப் புரிந்துகொண்டால், இன்று அறிவிக்கப்படும் எந்த டேப்லெட்டையும் எடைபோடலாம்.

முதலில் திரை. தொடுதிரையில் முக்கியமாக இரண்டு சாதி உண்டு. ஆகாஷில் இருந்தது அழுத்தத்தால் இயங்கும் வகை. மேலே வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் படலம், கீழே கண்ணாடி. இரண்டின் உட்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத, மின்சாரம் கடத்தும் பூச்சு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவே மிக நுண்ணிய புள்ளிகள் தாங்கி நிற்கும். விரலால் அழுத்தினால் மேல்படலம் குழிந்து கீழே தொடும். தொட்ட இடத்தைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு படலத்தில் இடமிருந்து வலமாக மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. ஒரு முனையில் முழு அளவு, மறுமுனையில் சுழியம், நடுவில் பாதி. தொட்ட இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மற்றப் படலம் படித்துச் சொன்னால், அது எத்தனையாவது மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். அடுத்த கணம் படலங்கள் வேலையை மாற்றிக்கொண்டு மேலிருந்து கீழாக அளக்கும். நொடிக்குப் பல முறை இது நடக்கிறது.

எளிமையான, மலிவான ஏற்பாடு. நகத்தால் தொட்டாலும், பேனா மூடியால் தொட்டாலும் வேலை செய்யும். நோக்கியா 5800 வைத்திருந்தவர்களுக்குக் கூடவே வந்த அந்தக் குச்சி நினைவிருக்கும். ஒரு பொத்தானை அழுத்த இந்தத் திரை போதும். சிக்கல், பக்கத்தைத் தள்ளும்போதுதான் வருகிறது. தள்ள வேண்டுமென்றால் விரல் அழுத்திக்கொண்டே நகர வேண்டும். அழுத்தினால் பிளாஸ்டிக்கில் விரல் உரசி நிற்கும். உரசாமல் இருக்க அழுத்தத்தைக் குறைத்தால் பாதி வழியில் படலங்கள் பிரிந்துவிடும். பிரிந்ததும், விரலை எடுத்துவிட்டதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். செய்தியைப் படிக்க மேலே தள்ளியவருக்கு, விரல் நின்ற இடத்தில் இருந்த ஏதோ ஓர் இணைப்பு திறந்துகொள்ளும். இரண்டு விரலை விரித்துப் படத்தைப் பெரிதாக்குவதும் நடக்காது. இரண்டு இடத்தில் அழுத்தினால் இந்தத் திரைக்கு நடுவே எங்கோ ஒரே இடத்தில் அழுத்தியதாகத்தான் தெரியும்.

ஐபேடில் இருந்தது மற்றச் சாதி. அதில் எதுவும் குழிவதில்லை. கண்ணாடிக்கு அடியில் மின்புலம் ஒன்று பரவியிருக்கிறது. மனித உடல் மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால், விரல் பக்கத்தில் வந்தாலே அந்த இடத்தில் புலம் மாறுகிறது. பட்டும் படாமலும் தடவினால் போதும். பத்து விரலை வைத்தாலும் தனித்தனியாகத் தெரியும். விலை அப்போது கூடுதல்.

அடுத்து வேகம். இங்கே ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆகாஷில் இருந்த ராம் 256 எம்பி. முதல் ஐபேடில் இருந்ததும் அதே 256 எம்பிதான். ஒரே எண், இரண்டு வேறு அனுபவம். ஐபேடின் சிப் 1 கிகாஹெர்ட்ஸ். ஆகாஷுடையது 366 மெகாஹெர்ட்ஸ். அதைவிட முக்கியமான வித்தியாசம், திரையில் படம் வரையும் வேலையை யார் செய்கிறார்கள் என்பதில் இருந்தது. ஐபேடின் சிப்புக்குள் அதற்கென்றே தனி கிராபிக்ஸ் பகுதி உண்டு. விரல் நகர்ந்தால் பக்கத்தை நகர்த்துவது அதன் பொறுப்பு. ஆகாஷில் ஓடியது ஆண்ட்ராய்டு 2.2. செயலிகளின் திரையைக் கிராபிக்ஸ் பகுதியிடம் ஒப்படைக்கும் வசதி ஆண்ட்ராய்டின் 3.0 பதிப்பில்தான் வந்தது. ஆகவே கணக்குப் போடுவது, இணையப் பக்கத்தைப் பிரித்துப் படிப்பது, அதை ஒவ்வொரு கணமும் மறுபடி வரைவது என்று எல்லாச் சுமையும் கணக்கிடும் பகுதி ஒன்றின் தலையிலேயே. பக்கம் விரலோடு வராமல் பின்னால் இழுபட்டு வந்தது இதனால்தான்.

பேட்டரி 2,100 மில்லி ஆம்பியர் மணி. வாட் மணிக் கணக்கில் சுமார் 8. ஐபேடில் 25. ஆகாஷுக்குச் சொல்லப்பட்ட நேரமே அதிகபட்சம் மூன்று மணி. காலையில் முதல் மணி அடிக்கும்போது இயக்கினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் அணைந்துவிடும். நம் ஊர்க் கல்லூரி வகுப்பறைகளில் எத்தனை மேசைக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்தது? இணையமும் வைஃபை மூலம் மட்டுமே. வைஃபை இருந்த கல்லூரிகள் அன்றைக்குக் குறைவுதான்.

தமிழ் வாசகர் என்ற முறையில் என்னை வருத்தியது வேறொன்று. ஆண்ட்ராய்டு 2.2இல் தமிழைக் காட்டும் வசதி இயல்பாக இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினியின் அமைப்புக்குள் புகுந்து, எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் ஒரு வழியை அந்தக் காலத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டோம். எழுத்துருவை மட்டும் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். கணினி அதைச் சேமிக்கும்போது முதலில் க, பிறகு ஒற்றைக்கொம்பு. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவே க. இந்த இடமாற்றத்தைச் செய்ய மென்பொருளுக்குள் தனியாக ஒரு பகுதி வேண்டும். அது இல்லாவிட்டால் எழுத்துரு இருந்தும் கொம்பு பின்னால் போய் நிற்கும். இந்திய மாணவர்களுக்கென்றே செய்த கருவி, இந்திய மொழிகளில் ஒன்றையாவது பிழையில்லாமல் காட்டுகிறதா என்பதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். என் பார்வையில், திரையைவிடப் பெரிய குறை இதுதான்.

இவ்வளவும் ஏன் நேர்ந்தது? விலையை முதலில் அறிவித்ததால். 2009 பிப்ரவரியில் திருப்பதியில் '10 டாலர் லேப்டாப்' என்று பேசப்பட்ட ஒன்று காட்டப்பட்டது. பார்த்தால் அது கணினியே அல்ல, தரவு சேமிக்கும் பெட்டி. 2010 ஜூலையில் 35 டாலர் டேப்லெட்டின் மாதிரியைக் கபில் சிபல் காட்டினார். அந்த 35 என்ற எண் அதன் பிறகு மேடையை விட்டு இறங்கவே இல்லை. அரை மீட்டர் துணியை நீட்டி முழுக்கைச் சட்டை தைத்துத் தரச் சொன்னது போலத்தான். டெண்டரை நடத்தியது ராஜஸ்தான் ஐஐடி, எடுத்தது டேட்டாவிண்ட் நிறுவனம். முதல் ஆர்டர் ஒரு லட்சம் கருவிகள். கருவி எவ்வளவு அடி தாங்க வேண்டும், மழையில் நனைந்தால் என்ன ஆக வேண்டும் என்ற சோதனை விதிகளிலேயே இரு தரப்புக்கும் தகராறு முற்றி, 2012இல் திட்டம் மும்பை ஐஐடியின் கைக்குப் போனது.

அதற்காக ஆகாஷைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதில் முழு அளவு யூஎஸ்பி துளை இரண்டு இருந்தன. ஐபேடில் ஒன்றுகூட இல்லை. பென் டிரைவில் பாடத்தைக் கொண்டுவந்து செருகிப் படிக்கலாம், கீபோர்டு மாட்டி எழுதலாம். இணையம் எட்டாத ஊருக்கு இது யோசித்துச் செய்த ஏற்பாடு. கணினி கேட்டு மக்கள் காத்திருந்ததும் பொய்யில்லை. பொதுச் சந்தைக்கு முன்பதிவு திறந்தபோது இரண்டு வாரத்தில் 14 லட்சம் பேர் பதிந்ததாக நிறுவனம் சொன்னது. தமிழ்நாட்டில் அதே 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் வேறு பாதையில் போனது. ஒரு கருவிக்குப் பல மடங்கு செலவு. ஆனால் கையில் கிடைத்தது உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய கணினி.

2012 நவம்பர் 11 அன்று, தேசியக் கல்வி நாளில், அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2ஐ வெளியிட்டார். தடவினாலே போதும் என்ற திரை. 1 கிகாஹெர்ட்ஸ் சிப். ராம் இரட்டிப்பு, 512 எம்பி. பேட்டரி 3,000 மில்லி ஆம்பியர் மணி. கிராபிக்ஸ் பகுதியைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்ட்ராய்டு 4.0. அரசு கொடுத்த விலை 2,263 ரூபாய். முதல் ஆகாஷின் விலையேதான். எந்தக் குறைகளுக்காக முதல் கருவி ஒதுக்கப்பட்டதோ அவற்றில் பெரும்பாலானவற்றை, அதே காசுக்குள், பதிமூன்றே மாதத்தில் சந்தை தீர்த்துக் கொடுத்திருந்தது. உதிரிபாகங்களின் விலை அந்த வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அதற்குள் பெயர் கெட்டுப்போயிருந்தது. ஆகாஷ் என்றால் அழுத்தினாலும் நகராத திரை என்றே மக்கள் மனதில் பதிந்துவிட்டது. இரண்டாவது கருவியைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்கப் பலர் வரவே இல்லை. 2015 மார்ச் 31 அன்று திட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது.