மறதியை நிறுக்கும் எடைக்கல்

முதியவர் ஒருவர் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தால், "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லி வாளாவிருந்து விடுகிறோம். இவ்வலட்சியம் தகாது. மறதி நோய் முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றும் வியாதி. நமது தேசத்தில் 60 பிராயம் நிறைந்தோரில் சுமார் 88 லட்சம் பேர் இதனால் பீடிக்கப்பட்டிருப்பதாக 2023-ல் வெளியான ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டது.

1906-ல் ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் ஆல்ஸைமர், இவ்வாறு மாண்ட ஒரு பெண்மணியின் மூளையில் சிக்குண்ட நார்களைக் கண்டு அறிவித்தார். டௌ என்னும் புரதம் 1975-ல் கண்டறியப்பட்டது; அந்நார்கள் அதனால் ஆனவை என்பது பின்னரே துலங்கிற்று. இன்று 217-வது இடத்தில் பாஸ்பேட் ஏறிய டௌவை இரத்தத்தில் அளந்து, வைத்தியரின் பரிசோதனைக்குத் துணையாகக் கொள்கிறார்கள்.

இரத்தத்தில் மிக அற்பமாகவுள்ள இப்பொருளை எவ்வாறு நிறுப்பது? டௌவின் சிறு துண்டொன்றை, அதாவது பெப்டைடை, ரஸாயனசாலையில் செய்கிறார்கள். அதில் சாதாரண அணுக்களுக்குப் பதிலாகச் சற்றுக் கனம் கூடிய கார்பன்-13, நைட்ரஜன்-15 ஐசோடோப்புகளை அமைக்கிறார்கள். இவை கதிர்வீச்சு அற்றவை. குணத்தில் இயற்கைத் துண்டும் இதுவும் ஒன்றே. எடையில் மட்டும் வேறு. அளவு தெரிந்த இத்துண்டை இரத்த மாதிரியில் சேர்த்தால், நிறையைப் பிரித்தறியும் யந்திரம் இரண்டையும் தனித்தனியே காட்டும். அவற்றின் விகிதத்தைக் கொண்டு நோயாளியின் அளவைக் கணக்கிடலாம். புதுவைப் பெரிய கடையில் தராசுத் தட்டிலுள்ள எடைக்கல் செய்யும் வேலையையே இத்துண்டும் செய்கிறது.

எடைக்கல் நேர்மையாயிருந்தால் மட்டும் போதாது. எவ்வளவுக்கு மேல் நோய் என்னும் எல்லையும் நம்மவருக்குப் பொருந்த வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தோரின் இரத்தத்தில் இந்த டௌ மிகுந்து தோன்றும் என்று கண்டிருக்கிறார்கள். நீரிழிவினால் சிறுநீரகம் கெட்டோர் நம்மிடையே அநேகர். மேல்நாட்டாரின் இரத்தத்தைக் கொண்டு வகுத்த எல்லையை இவர்கள்மீது அப்படியே சுமத்தினால், புத்தி தெளிந்தவரையும் நோயாளியென்று முத்திரையிட நேரும். முத்திரை விழுந்தபின் அவர் சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு? அவர் கையெழுத்துக்குப் பத்திரப் பதிவில் என்ன மதிப்பு?

1823-ல் பிரெஞ்சுக்காரர் புதுவையில் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர்; 2008 முதல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம். அத்தகைய ஸ்தாபனங்கள் நம் முதியோரின் சம்மதத்தோடு அவர்கள் இரத்தத்தைச் சோதித்து, நமக்குரிய எல்லையை வகுக்க வேண்டும். ஐசோடோப்பைப் பிரிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. கனநீரைச் செய்து அந்நிய நாடுகளுக்கும் அனுப்பிய தேசம் இது. எடைக்கல்லையும் நாமே செய்துகொள்ள மனமும் பொருளுமே வேண்டும். அவ்விரண்டையும் சர்க்கார் தரத் தயங்கலாகாது. நம் தந்தையரின் புத்தியைப் பிறர் வகுத்த எல்லையால் அளக்க நாம் இசையலாமா?