உள்ளே பெருகும் குருதி

குழந்தை பிறந்த பின்னரே நச்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுப் பிரிதல் இயற்கையின் ஒழுங்காகும். அதற்கு முன்னரே பிரியுமாயின் சேய்க்குப் பிராணவாயு குன்றும். தாய்க்குக் குருதிப்பெருக்கு உண்டாகும். இப்பெருக்கு முழுவதும் கண்ணுக்குப் புலப்படுவதன்று. வெளியே சில துளிகளே தோன்ற, நச்சுக்கொடியின் பின்னே பெருமளவு குருதி தேங்கி நிற்றல் கூடும்.

இதனினும் கொடிய விளைவொன்று உண்டு. நச்சுக்கொடி பிரிந்த இடத்திலிருந்து தாயின் குருதியுட் புகும் பொருள்கள் உடலெங்கும் உறைதலைத் தூண்டுகின்றன. அதனால், உறைவுக்கு இன்றியமையாத பைபிரினோசன் முதலியன வீணே செலவாகிவிடுகின்றன. நிறைமாதத் தாயின் குருதியிலுள்ள நீர்ப்பகுதியில், லீற்றர் ஒன்றுக்கு 4 முதல் 6 கிராம் வரை பைபிரினோசன் இருப்பது வழக்கம். அது 2 கிராமிலும் குறையுமாயின் பேராபத்து நெருங்கிவிட்டது எனலாம். அப்பொழுது ஊசி குத்திய சிறு துளையிலும் குருதி நில்லாது வடியும். இத்தகைய மரணம் ஒன்றை அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் யோசப் டிலீ 1901 ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார்.

இன்றோ, குருதியும் உறைபொருள்களும் ஏற்றி, பிரசவத்தை விரைந்து முடித்து, வைத்தியர்கள் தாய்மார் பலரைக் காப்பாற்றுகின்றனர். ஆயின், இவ்வுதவி வீட்டிற் கிட்டுவதன்று. ஓயாத வயிற்று நோவு, பலகைபோல் இறுகிய வயிறு, சேயின் அசைவு குன்றுதல், சிறிதளவேனும் குருதி காணல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். கண்ட துளிகளைக் கொண்டு காணாத பெருக்கை அளவிடுதல் ஆகாது.